செயின்ட் அகஸ்டினில் பழைய ஊரைப் பார்ப்பது எப்படி

ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினுக்குப் போகிறவர்கள் நேரே கோட்டைக்குத்தான் ஓடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். ஆனால் கோட்டை வேலை தொடங்கியது 1672-இல். ஸ்பானியர் ஊரை அமைத்ததோ 1565-இல்!

அதனால் வடக்கே, ஃபவுண்டன் ஆஃப் யூத் பூங்காவில் தொடங்குங்கள். குடித்தால் இளமை திரும்பும் என்ற ஊற்றுக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள். ஊரை அமைத்த ஸ்பானியத் தளபதி மெனெண்டெஸ் வந்திறங்கியது, அங்கிருந்த திமுகுவா பழங்குடி மக்களின் ஊரில். இரு தரப்புத் தடயங்களும் அந்த மண்ணில்தான் கிடைத்தன.

அடுத்து, பானை ஓடுகள். வெள்ளைப் பூச்சில் நீலக்கோடு ஓடினால் அநேகமாக ஸ்பானிய மஜோலிக்கா, அதாவது மெருகிட்ட மண்பாண்டம். உள்ளூர் ஓடு மங்கலாக இருக்கும். தொட்டால் சாக்பீஸ் மாதிரி விரலில் வழவழக்கும். களிமண்ணில் கலந்திருக்கும் நன்னீர்ப் பஞ்சுயிரிகளின் நுண்முட்கள்தான் காரணம்.

அப்புறம் கோட்டை. சுவரை நெருங்கிப் பாருங்கள்: முழுக்கச் சிப்பித் துண்டுகள். அனஸ்தேசியா தீவில் வெட்டிய கோக்கினா கல் அது. 1702-இல் ஆங்கிலேயர் ஊரையே எரித்தார்கள், கோட்டை மட்டும் தாங்கியது. ஆகவே 1500-களின் வீட்டைத் தெருவில் தேடாதீர்கள். அது காலுக்கடியில் இருக்கிறது.

கோட்டை வளாகத்தில் எது கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவலரிடம் சொன்னால் போதும்.