கடலும் வானமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க

சென்னைக் கடற்கரையை டிஜிட்டலில் தீட்டும்போது வண்ணங்கள் அழகாக அமைந்தும் படம் தட்டையாகத் தெரிகிறதா? குறை பெரும்பாலும் வண்ணத்தில் இல்லை, வெளிச்ச அளவில்தான் இருக்கும்.

கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் எல்லா லேயர்களுக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் ஓவிய அடுக்குகளுக்கும்) மேலே புதிதாக ஒன்றைச் சேர்த்து, முழுக்கக் கறுப்பை நிரப்பி, அதன் கலப்பு முறையை, அதாவது கீழுள்ள லேயர்களோடு அது கலக்கும் விதத்தை, 'கலர்' என்று மாற்றுங்கள். ஓவியம் உடனே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். படகும் மணலும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துபோனால், ஒன்றை இருட்டாக்குங்கள். பிறகு அந்த லேயரை மறைத்தால் போதும், அழிக்காதீர்கள். வரைந்து முடிப்பதற்குள் பலமுறை தேவைப்படும்.

மெரினா கிழக்கு பார்த்த கரை. விடியலில் கடலை நோக்கி நின்றால் படகுகள் நிழலுருவாக நிற்கும். மாலையில் அவற்றின் மேல் நேர் வெளிச்சம் விழும். நான் எப்போதும் விடியலைத்தான் தேர்ந்தெடுப்பேன், உருவங்கள் அவ்வளவு தெளிவாகப் பிரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை வரைகிறீர்கள் என்றால், தொலைவுக் கட்டடங்களுக்குக் கறுப்பே வேண்டாம். ஈரக் காற்றில் அவை வெளிறிய நீலச் சாம்பலாகத்தான் தெரியும்.

அச்சிடும் எண்ணம் இருந்தால் தொடங்கும்போதே அளவை முடிவு செய்யுங்கள். ஏ3 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும்.