எடை குறைக்கும்போதே தசைப் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

எடை குறைக்க முடிவெடுப்பவர்கள் முதலில் சாப்பாட்டைக் குறைப்பார்கள், பிறகு நடக்க ஆரம்பிப்பார்கள். தசைப் பயிற்சியை மட்டும் "முதல்ல மெலிவோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கி வைப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

காரணம் இருக்கிறது. சாப்பாடு குறையும்போது உடல் கொழுப்போடு கொஞ்சம் தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. பயன்படாத தசையைக் கட்டிக்காக்க உடல் மெனக்கெடாது. வாரத்தில் சில நாட்கள் கனமாக எதையாவது தூக்கினால் அந்தத் தசை வேலையில் இருக்கிறது என்றாகிவிடும். குறைகிற எடையில் கொழுப்பின் பங்கு கூடும். ஆகவே இந்தப் பயிற்சியில் எத்தனை கலோரி எரிந்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். கலோரிக் கணக்கைச் சாப்பாடும் நடையும் பார்த்துக்கொள்ளும்.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: நாட்களை முடிவு செய்யுங்கள்

வாரத்தில் 3 நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாளாவது தசைகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. 3 முடியாவிட்டால் 2 போதும். ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி. "இன்று கை, நாளை கால்" என்று பிரிப்பது புதியவர்களுக்குத் தேவையில்லை.

படி 2: ஐந்து அசைவுகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

5 நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஸ்க்வாட்: பின்னால் உறுதியான நாற்காலி இருக்கட்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பாத நுனிகளைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மெதுவாக இறங்கி, நாற்காலியைத் தொட்டதும் எழுங்கள். முழங்கால் பாத நுனியைத் தாண்டவே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். கொஞ்சம் தாண்டினால் ஒன்றும் ஆகாது. முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பாதம் பார்க்கும் திசையிலேயே போகிறதா, குதிகால் தரையில் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ரோமானியன் டெட்லிஃப்ட்: ஐந்தில் இதுதான் பிடிபடத் தாமதமாகும். சுவருக்கு முதுகைக் காட்டி, ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் தளர்த்தி, பின்புறத்தால் சுவரைத் தொட முயலுங்கள். முதுகு கூன் விழாமல் நேராக இருக்கட்டும். தொடையின் பின்பகுதி இழுப்பது தெரியும். கையில் கனம் இல்லாமல் சில நாள் இப்படிப் பழகி, பிறகு டம்பெல்லை (கையில் பிடித்துத் தூக்கும் எடை) எடுங்கள். தரையில் கிடக்கும் பொருளை முதுகைக் காப்பாற்றிக்கொண்டு தூக்குவதற்கும் இந்த அசைவேதான்.

தண்டால்: நேராகத் தரைக்குப் போகாதீர்கள். சுவரில் கை ஊன்றித் தொடங்கி, அசையாத மேசை விளிம்புக்கு வந்து, பிறகு தரைக்கு இறங்கலாம். உடல் எடை அதிகம் உள்ளவர்கள் சுவரிலேயே பல வாரங்கள் இருந்தாலும் அது முழுமையான பயிற்சிதான்.

டம்பெல் ரோ: ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் உள்ள டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுங்கள். டம்பெல் இல்லையென்றால் முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கித் தூக்கலாம்.

பிளாங்க்: குப்புறப் படுத்து, முன்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி, உடலை நேர்கோட்டில் தூக்கி அசையாமல் நிறுத்துங்கள். 20 வினாடியில் தொடங்குங்கள். தரையில் சிரமமாக இருந்தால் மேசையில் கை ஊன்றிச் செய்யலாம்.

படி 3: சரியான கனத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஓர் அசைவை ஒரு முறை செய்வது ஒரு ரெப். நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். பிளாங்க் தவிர ஒவ்வொன்றிலும் ஒரு செட்டுக்கு 8 முதல் 12 ரெப். முதல் இரண்டு வாரம் 2 செட், பிறகு 3. செட்டுகளுக்கு நடுவே 2 நிமிடம் உட்காருங்கள். மூச்சு வாங்க ஓடியோடிச் செய்தால் அடுத்த செட்டில் தசைக்கு முன்னால் மூச்சு தோற்றுவிடும்.

கனம் சரியா என்று எப்படித் தெரியும்? செட் முடியும்போது "இன்னும் 2, 3 தான் முடியும்" என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து முடியும் என்றால் கனம் போதாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். அடக்கிப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

படி 4: நோட்டில் எழுதுங்கள்

தேதி, அசைவு, கனம், ரெப். இவ்வளவுதான். எல்லாச் செட்டிலும் 12 ரெப் வந்துவிட்டால் அடுத்த முறை கனத்தை ஒரு படி ஏற்றுங்கள். ரெப் 8க்கு இறங்கும், மறுபடி 12க்கு ஏறுங்கள். 1940களில் காயம்பட்ட போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், இப்படிப் படிப்படியாகக் கனம் ஏற்றித்தான் அவர்களின் கால்களுக்கு வலுவேற்றினார்.

குறைவாகச் சாப்பிடும்போது பலம் எப்படிக் கூடும் என்ற சந்தேகம் நியாயமானது. தொடக்க மாதங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, இருக்கிற தசையை முழுதாக இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. அதற்குக் கூடுதல் சாப்பாடு வேண்டியதில்லை. உடம்பு பருத்துவிடும் என்று அஞ்சும் பெண்களும் கவலைப்பட வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்திருக்கும் காலத்தில் அப்படித் தசை பெருகாது.

படி 5: சாப்பாட்டை அளவாகக் குறையுங்கள்

தினமும் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைவது நல்ல வேகம். 80 கிலோ உள்ளவருக்கு 400 முதல் 800 கிராம். அதைவிட அவசரப்பட்டால் தசைதான் விலை.

புரதம், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் சுமார் 1.6 கிராம். உடல் எடை மிக அதிகமென்றால் அடைய நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படி 6: எடை மெஷினைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பலர் விட்டுவிடும் இடம் இதுதான். முதல் சில வாரங்களில் எடை குறையாமல் நிற்கலாம், ஒரு கிலோ ஏறவும் செய்யலாம். பயிற்சி பெற்ற தசை ஆறும்போது நீர் கோர்க்கும். தசை சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (சேமிப்பு வடிவச் சர்க்கரை) சுமார் 3 கிராம் நீர் சேரும். ஏறியது கொழுப்பு அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அதையும் அதே நோட்டில் குறியுங்கள்.

மறுநாளோ மூன்றாம் நாளோ தசை வலிப்பது சகஜம், தானாகவே சரியாகும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவை நிறுத்துங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

சாப்பாடு குறைந்து உடல் சோர்ந்துபோகும் வாரங்களும் வரும். அப்போது கனத்தைக் குறைக்காதீர்கள். 3 செட்டை 2 ஆக்குங்கள், அல்லது வாரம் 3 நாளை 2 நாளாக்குங்கள். கனம் அப்படியே இருக்கும்வரை, செட் குறைந்தாலும் சில வாரங்களுக்குச் சேர்த்த பலம் தங்கும்.