மூலையைக் கொடுத்தால் பேஸ் கிடைக்கும்: வீட்டுக் கூடத்துக்கு ஒரு ஹார்ன் பெட்டி

கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் ஹார்ன்தான். இரண்டு தெரு தள்ளித் தூங்குபவரையும் அது எழுப்பிவிடும். ஆனால் தவிலை அதில் கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். கும்பகோணம் பக்கம் ஓர் ஒலிபெருக்கி நிலையத்தில் இளமையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தக் குழாய்களின் மேல் எனக்குப் பாசம் உண்டு. அதற்காக இல்லாத பேஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, இருக்கிறது என்று சொல்ல முடியாது.

குறை குழாயின் அளவில் இருக்கிறது. ஒரு ஹார்ன் எவ்வளவு தாழ்ந்த ஒலிவரை ஒழுங்காகத் தாங்கும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒலி வெளியேறும் அகன்ற முனையான வாயின் சுற்றளவு அந்த ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 20 அங்குல வாயுள்ள குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 160 செ.மீ. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 215 ஹெர்ட்ஸ் வருகிறது. தவிலின் கனமும் மிருதங்கத் தொப்பியின் கும்காரமும் அதற்குக் கீழேதான் குடியிருக்கின்றன.

சரி, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்க எவ்வளவு பெரிய வாய் வேண்டும்? அலைநீளம் 6.9 மீட்டர். அத்தனை சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு 3.8 சதுர மீட்டர். வாசற்கதவையே கழற்றி வைத்தாலும் அந்த இடம் கிடைக்காது. இங்கேதான் மூலை கைகொடுக்கிறது. தரையும் இரண்டு சுவர்களும் சந்திக்கும் மூலையில் வைத்தால், ஒலி பரவ வேண்டிய வெளி எட்டில் ஒன்றாகக் குறைகிறது. வாயும் எட்டில் ஒன்று இருந்தால் போதும். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களில் இதை வைத்துத்தான் தன் மூலை ஹார்னை உருவாக்கினார். 1946இல் ஆர்கன்சாவின் ஹோப் என்ற சிற்றூரில் நிறுவனமும் தொடங்கினார். அங்குள்ள வீடுகளில் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் அதிகம், பேஸுக்கு அவை அதிரும். நம் செங்கல் சுவரும் சிமென்ட் தரையும் அசையாது. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

இப்படி மூலையில் நிற்கும் ஹார்ன் பெட்டி ஒன்றைப் பலகையில் நாமே செய்துகொள்ளலாம். எனவே பலகை வாங்கும் முன் மூலையைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் குறைந்தது மூன்றடிக்குக் கதவோ ஜன்னலோ இல்லாத மூலை வேண்டும். பெட்டி மூலைவிட்டமாக நிற்கும்போது அதன் முன்பக்கம் மூலையின் முனையிலிருந்து மூன்றரை அடிக்கும் சற்று மேலாக வெளியே வந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு வாரம் நடமாடிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் மேலே படியுங்கள். சம்மதிக்காவிட்டால் சாதாரண சப்-வூஃபரே நல்லது. இடம் கொடுக்காமல் ஹார்ன் கேட்பது நடக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர் இல்லாத மூலையாகப் பார்ப்பது நலம்.

ஏன் 50 ஹெர்ட்ஸ், 30 ஏன் இல்லை என்று இளைஞர்கள் கேட்பார்கள். பெட்டியின் கொள்ளளவு மும்மடிக் கணக்கில் ஏறும். 40 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 30 என்றால் நாலரை மடங்கு. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். சினிமாப் பாட்டில் அந்தக் கிட்டார் பெரும்பாலும் அதற்கு மேலேதான் உலவுகிறது. வெடிகுண்டுக் காட்சிக்காக வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

மூலைக் கணக்கின்படி முழு வாய் 4700 சதுர செ.மீ.க்கு மேல் வரும். நான் அதில் பாதிதான் வைக்கிறேன்: 2370. வாயைக் குறைத்தால் ஒலி ஒரே சீராக வராமல் சில இடங்களில் மேடும் பள்ளமும் காட்டும். ஆனால் வாயைத் தாண்டியும் சுவர்கள் ஹார்னாக விரிந்துகொண்டே போவதால் பாதிக் குறை அங்கே தீர்ந்துவிடும். மீதியைச் சகித்துக்கொள்ளலாம்.

இனி வூஃபர், அதாவது பெட்டிக்குள் பேஸை எழுப்பும் ஸ்பீக்கர். 10 அங்குல வூஃபரின் கூம்புப் பரப்பு சுமார் 340 சதுர செ.மீ. ஹார்ன் தொடங்கும் குறுகிய முனையான தொண்டை அதில் பாதி, 170. விவரத்தாளில் க்யூ.டி.எஸ். (Qts) என்ற எண்ணைப் பாருங்கள், கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடக்கத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும்; 0.35க்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய காந்தம், விறைப்பான கூம்பு. கார்களுக்கென்று விற்கும் தொளதொள ரப்பர் விளிம்புள்ள கனத்த வூஃபர்கள் இதற்கு ஒத்துவராது. காற்றழுத்தத்தைத் தள்ள அவற்றுக்குத் திராணி போதாது. மேடைக் கச்சேரிக்கான காகிதக் கூம்பு வூஃபர்களே சரி. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. எங்கே வாங்கினாலும் விவரத்தாள் இல்லாத வூஃபரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். சாதாரணப் பெட்டி, கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக மாற்றுகிறது; நல்ல ஹார்ன் பத்துப் பங்கைக்கூட மாற்றும். கூடத்துக்கு 20 வாட் ஆம்ப்ளிஃபையர் தாராளம்.

பெட்டியின் உள் அகலத்தை முழுக்க 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடும். உயர இடைவெளி மட்டுமே மாறும். தொண்டையில் இடைவெளி 4.25 செ.மீ. அங்கிருந்து ஒலி போகும் பாதை நெடுகிலும் ஒவ்வொரு 38 செ.மீ.க்கும் இடைவெளி இரட்டிப்பாக வேண்டும்: 8.5, 17, 34. 145 செ.மீ. வரும்போது 59 ஆகியிருக்கும், அதுதான் வாய். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெட்டியை எப்படி மடித்தாலும் அது ஹார்ன்தான். கணினி உள்ளவர்கள் ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் தங்கள் வூஃபரின் எண்களைக் கொடுத்து ஒருமுறை சரிபார்த்துவிடலாம்.

ஒன்றரை மீட்டர்ப் பாதையை மூன்றாக மடிக்கிறோம். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள் உயரம் 80, உள் ஆழம் 55 செ.மீ. முன்பக்கம் இடது, மூலையைப் பார்க்கும் பின்பக்கம் வலது. முதல் பலகை இடப்பக்கம் மேலிருந்து 24 செ.மீ. கீழே தொடங்கி, சரிவாக ஏறி, வலப்பக்கம் கூரையைத் தொடும். அதற்கு மேலுள்ள முக்கோணம்தான் பின்னறை, 20 முதல் 25 லிட்டர் வரும். வூஃபர் இந்தப் பலகையில், முன்பக்கச் சுவரை ஒட்டி, காந்தம் மேலே பின்னறைக்குள்ளும் கூம்பு கீழே பார்த்தும் அமரும். இரண்டாம் பலகை முன்சுவரில் முதல் பலகைக்கு 4.25 செ.மீ. கீழே ஒட்டித் தொடங்கி, பின்சுவரை எட்டாமல் 10 செ.மீ. முன்னால் நிற்கும். ஒலி அந்த முனையைச் சுற்றித் திரும்பி முன்னோக்கி வரும். மூன்றாம் பலகை பின்புறம் கூரையிலிருந்து 21 செ.மீ. கீழே தொடங்கி, முன்சுவருக்கு 26 செ.மீ. இருக்கும்போது நின்றுவிடும். ஒலி மறுபடி திரும்பி, அடித்தளத்தின்மேல் பின்னோக்கி விரிந்து, 59 செ.மீ. உயர வாய் வழியாக மூலைக்குப் போகிறது. பின்சுவர்ப் பலகை அந்த 21 செ.மீ.க்கு மட்டுமே; அதற்குக் கீழே திறந்த வாய்.

இதைக் காகிதத்தில் சிறிதாக வரைந்து நம்பிவிடாதீர்கள். பக்கப் பலகையைத் தரையில் படுக்க வைத்து, அதன்மேலேயே பென்சிலால் முழு அளவில் வரையுங்கள். பலகைகளின் 18 மி.மீ. தடிமனையும் சேர்த்து வரைய வேண்டும். வெளி உயரம் 90 செ.மீ. அருகில் போகும். பிறகு ஒரு நூலில் 38 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்டு, வூஃபரின் நடுவிலிருந்து பாதையின் நடுக்கோட்டில் வளைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் அளவுகோலைக் குறுக்கே வைத்தால் இடைவெளி இரட்டிப்பாகிறதா என்பது கண்முன் தெரியும். ஒரு செ.மீ. இப்படி அப்படி இருந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் போனால் பலகையின் சரிவை மாற்றி வரையுங்கள். அழிப்பான் செலவோடு முடிந்துவிடும்.

மரம்: 18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (BWR, கொதிநீர் தாங்கும்) தரப் பிளைவுட், 8 அடிக்கு 4 அடி. மட்டுமட்டாக ஒரு பலகையில் முடியும், முட்டுக்கட்டைகளுக்குத் துண்டுகள் தனி. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் கூடத்தை நீர்விட்டுக் கழுவும் வீடுகளில் அதன் அடி ஊதிவிடும். நேர்வெட்டுகளை விற்கும் கடையிலேயே போட்டு வாங்குங்கள். சரிவான விளிம்புகளைத் தச்சரிடம் இழைப்புளியால் சீவச் சொல்லுங்கள். அறுக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், பிளைவுட் தூள் நல்லதல்ல.

ஒரு பக்கப் பலகையைத் தரையில் வைத்து, வரைந்த கோடுகளின்மேல் முன்சுவர், அடித்தளம், கூரை, உள் பலகைகள் என்று ஒவ்வொன்றாக ஃபெவிகாலும் திருகுமாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். திருகு பலகையை இழுத்துப் பிடிக்க மட்டுமே. காலத்துக்கும் நிற்பது பசை. அதனால் விளிம்பு முழுதும் பசை பிதுங்கி வரவேண்டும், பிதுங்கியதை விரலால் உள்மூலையில் தடவி விடுங்கள். இரண்டாவது திருப்பத்தின் வெளி மூலைகளில், மீந்த துண்டில் வெட்டிய 45 பாகைக் கட்டைகளை வையுங்கள். முதல் திருப்பம் குறுகலானது, அதற்குத் தேவையில்லை. வாயின் நடுவில் ஒலி போகும் திசையிலேயே ஒரு நிமிர்ந்த முட்டுப்பலகை வைத்தால் மூன்றாம் பலகை அதிராது. இரண்டாம் பக்கப் பலகையை மூடும் முன் வயரை இழுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைப் பலகையின் முன்பாதியைக் கழற்றக்கூடிய மூடியாக விடுங்கள். வூஃபர் அதன் வழியாகத்தான் இறங்கும். மூடிக்கும் வூஃபர் விளிம்புக்கும் ரப்பர் நுரைப் பட்டை ஒட்டி இறுக்குங்கள். பின்னறையில் காற்றுக் கசிவு இருக்கவே கூடாது. சோதிக்க எளிய வழி: கைபேசிச் செயலியில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓடவிட்டு, மூடியின் விளிம்பு நெடுக ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை நேராக எழுந்தால் சரி. ஓரிடத்தில் நடுங்கினால் அங்கே ஓட்டை.

எடை 35 கிலோவைத் தாண்டும், மூலைக்கு நகர்த்த இரண்டு பேர் வேண்டும். பெட்டியின் பின்விளிம்புகளுக்கும் சுவர்களுக்கும் இடையே இருபுறமும் குறைந்தது 20 செ.மீ. விடுங்கள். 59 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், இரண்டு பக்கம்: 2360 சதுர செ.மீ., வாயின் பரப்புக்கு ஏறக்குறைய சமம். இதைக் குறைத்தால் ஹார்னின் கழுத்தை நெரிப்பதாகும்.

இணைக்கும்போது 200 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை இதற்குக் கொடுக்காதீர்கள். பாட்டுக்குரல் மூலையிலிருந்து வந்தால் நன்றாக இருக்காது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதையும் வடிகட்டி வெட்டிவிடுங்கள், அங்கே ஹார்ன் கூம்பைப் பிடித்துக்கொள்ளாது. இன்னொன்று: பேஸ் பெட்டிக்குள் ஒன்றரை மீட்டர் சுற்றி வருவதால் நான்கு மில்லி விநாடிக்கு மேல் தாமதமாகிறது. ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் தூரம் குறிக்கும் வசதி இருந்தால், நாடாவால் அளந்த தூரத்தோடு 1.45 மீட்டர் கூட்டிக் கொடுங்கள். தவில் அடியின் முனையும் கனமும் அப்போதுதான் ஒன்றாக வந்து சேரும்.

கடைசியாக, 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு வீடெங்கும் நடந்து வாருங்கள். கிறுகிறுவென்று கேட்பது பெரும்பாலும் பெட்டியாக இருக்காது. ஷோகேஸ் கண்ணாடி என்றால் அதன் பள்ளத்தில் மெல்லிய ஃபெல்ட் துணியைச் செருகுங்கள். பீரோ சாவிக்கொத்து என்றால் கழற்றி டிராயரில் போடுங்கள். பெட்டியின்மேல் குத்துவிளக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். பித்தளைத் தட்டு திருகில் தளர்வாக இருந்தால் அதுவும் பாடும், இறுக்கிவிட்டு வையுங்கள்.