அடிமனை யாருடையது? வட சென்னையில் பழைய வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் எல்லாம் ஒரு காலத்தில் தனித்தனிக் கிராமங்கள். தண்டையார்பேட்டை 1693-லும், மற்ற இரண்டும் 1708-லும் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போயின. பத்திரங்களில் அந்தக் கிராமப் பெயர் இன்னும் தொடர்கிறது. இங்கே வீடு பார்க்கப் போனால், சுவரைத் தட்டிப் பார்க்கும் முன் அடிமனை, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் மண், யாருடையது என்று விசாரியுங்கள்.

சில தெருக்களில் மனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ வக்ஃபுக்கோ சொந்தம். மேலே நிற்கும் கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது. தரகர் இதை 'சூப்பர் ஸ்ட்ரக்சர்' என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார். விலை அக்கம்பக்கத்தைவிடச் சல்லிசாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோயில் மனையை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்பவர் வீட்டில் அடிமனை வாடகை ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், மண் அவருடையது இல்லை.

அடுத்து, டி.எஸ்.எல்.ஆர்., அதாவது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) மூன்றும் மூலப்பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பரப்பை நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. இங்கே அரை, கால் என்று பாகம் பிரிந்து கிடக்கும். அறுபதடி நீள மனையில் அகலம் அரையடி குறைந்தாலே 30 சதுர அடி போச்சு.

பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்கள். ஆனால் ஆபத்து அதில் வராத விஷயங்களில்தான்: பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட பாகம், கையெழுத்துப் போடாத மகள். "அக்காவுக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சு, பங்கு கேட்க மாட்டாங்க" என்பார்கள். சீர் செய்தது விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், ஆகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போடட்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரத்தைக் காட்டட்டும். அதுவரை அட்வான்ஸ் பேச்சே வேண்டாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி கட்டடம். பழைய வீடுகளின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சாய்வாக நிறுத்தி அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை, செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு. கட்டையின் நடுப்பகுதி கெட்டியாகத்தான் தெரியும். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் ஈரம் குடித்து உளுத்துப்போகும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றத்தான் வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த கட்டை என்றால் இரண்டு இடத்தில் குத்துங்கள்.

சுவரடியில் உப்பு பூத்திருந்தால் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. அது தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. பொதுச்சுவர் இருந்தால் பக்கத்து வீட்டுக் கட்டைகளும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அந்தச் சுவர் யாருக்கு, எத்தனை அங்குலம் என்று பத்திரத்தில் பாருங்கள்.

ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில் நிற்கிறது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, தெரு மேன்ஹோல் மூடியையும் உங்கள் கழிப்பறைத் தரையையும் ஒப்பிடுங்கள். தரை தாழ்வாக இருந்தால் ஐப்பசி அடைமழையில் சாக்கடை வீட்டுக்குள்தான் வரும். தரையை உயர்த்தினால் தலை இடிக்குமா என்று நிலைப்படியில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரம் என்பதால் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்பு தெரிந்துவிடும். மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை குடம் நிறையும் என்பதை எதிர்வீட்டில் கைபம்பு அடிக்கிற அக்காவிடம் கேளுங்கள்.