சின்னப் பிள்ளைகளோடு கப்பல் பயணமா? கேபினை இப்படித் தேர்ந்தெடுங்கள்

கப்பலில் அறை எடுக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "கடல் தெரியுமா?" என்றுதான். நாங்களும் அதைத்தான் கேட்டோம். அப்போது மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்குப் பத்து மாதம். பால்கனியிலிருந்து கடல் அழகாகத் தெரிந்தது. ஆனால் அறைக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம். விடியற்காலையிலேயே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று நாளும் சின்னவன் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டான், அவன் அழுகையில் மூத்தவளும் எழுந்தாள். பகல் முழுக்க இரண்டு பேரும் சிணுங்கினார்கள். அடுத்த பயணத்துக்கு நான் கேட்ட முதல் கேள்வி வேறு: "இந்த அறையில் பிள்ளைகள் தூங்குவார்களா?"

முதல்முறை போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாக எப்படி அறை பார்ப்பது என்று சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பக்கம் மூன்று, நான்கு இரவுகள் போய்வரும் பெரிய கப்பல்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எங்கள் பயணங்கள் அந்தப் பக்கம்தான்.

படி 1: வயதையும் தலையையும் எண்ணுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் குழந்தையின் வயதைப் பாருங்கள். ராயல் கரீபியன், டிஸ்னி போன்ற நிறுவனங்களில் பெரும்பாலான பயணங்களுக்குக் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பல நாள் கரையே தொடாமல் போகும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். கணக்கு, கப்பல் புறப்படும் நாளை வைத்து. நீங்கள் பதிவு செய்யும் நாளை வைத்து அல்ல.

அப்புறம் தலை எண்ணிக்கை. விமானத்தில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது போல இங்கே கிடையாது. பத்து மாதக் குழந்தையும் ஒரு ஆள்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் நாலு பேருக்கான கேபினே வேண்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் எந்த அறைக்காரர்கள் எந்த இடத்தில் கூட வேண்டும், எந்த உயிர்காப்புப் படகில் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதியில் அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால், நாலு கட்டில் உள்ள அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க விடமாட்டார்கள். குடும்ப அறைகள் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் மே மாத விடுமுறை, சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: யார் எங்கே படுப்பது?

சாதாரண கேபினில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இருக்கும். கேட்டால் அவற்றைச் சேர்த்துப் பெரிய கட்டிலாக்கித் தருவார்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு விரிக்கும் சோபா இருக்கலாம், அல்லது கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் மேல்கட்டில் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஆறு வயதாகாத பிள்ளையை மேல்கட்டிலில் படுக்கவைக்க நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஏணி, உயரம், இருட்டு, அதோடு கப்பலின் ஆட்டம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சோபா கட்டில் உள்ள அறையாகவே கேளுங்கள்.

கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டில் தருவார்கள். அது கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும், எண்ணிக்கையும் குறைவு. பதிவு செய்யும்போதே எழுதிவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை என்றால், ஒரு மாதம் முன்பிருந்தே பகல் தூக்கத்தையாவது சமதளப் படுக்கைக்கு மாற்றிப் பழக்குங்கள். கப்பலில் தூளி கட்ட இடமே இல்லை.

இடம் எவ்வளவு என்பது படத்தைப் பார்த்தால் புரியாது. அகலக் கோணத்தில் எடுத்த படங்கள் எல்லாமே பெரிதாகத் தெரியும். சாதாரண உள் அறை ஏறக்குறைய 150 முதல் 180 சதுர அடி. வீட்டு ஹாலில் 10 அடிக்கு 16 அடி சாக்பீஸால் ஒரு கட்டம் போடுங்கள். அதற்குள் கட்டில், சோபா, அலமாரி, குளியலறை எல்லாம் வர வேண்டும். மிச்சம் இருக்கும் இடத்தில் 3 அடிக்கு 2 அடி தொட்டிலை வைத்துப் பாருங்கள். நான் இதைச் செய்த அன்றுதான் பெரிய பெட்டிக்குப் பதிலாக, கட்டிலுக்கு அடியில் நுழையக்கூடிய இரண்டு சின்னப் பெட்டிகள் கொண்டுபோக முடிவெடுத்தேன்.

படி 3: ஜன்னலா, பால்கனியா, இரண்டும் இல்லாததா?

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டயபர் போடும் பிள்ளைகளைக் கப்பலின் பொது நீச்சல் குளங்களில் இறக்கவிட மாட்டார்கள், நீச்சல் டயபர் போட்டிருந்தாலும் சரி. சில கப்பல்களில் மட்டும் அவர்களுக்கென்று தண்ணீர் பீய்ச்சும் இடம் தனியாக உண்டு. பிள்ளைகளை விளையாடவிட்டுப் பார்த்துக்கொள்ளும் இலவச கிட்ஸ் கிளப்பிலும் பெரும்பாலும் 3 வயது ஆகி, கழிவறைப் பழக்கம் வந்த பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். ஆக, உங்கள் பிள்ளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நேரம் நீங்கள் அறைக்குள் இருப்பீர்கள். "தூங்க மட்டும்தானே அறை, எதுவாக இருந்தால் என்ன?" என்று சொல்பவர்கள் பிள்ளையில்லாமல் போனவர்கள்.

ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. பகலில் இரண்டு முறை தூங்கும் குழந்தைக்கு இது வரம். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு பேட்டரி இரவு விளக்கு ஒன்று எடுத்துப்போங்கள். ஸ்பெக்ட்ரம், ஓவேஷன் போன்ற ராயல் கரீபியன் கப்பல்களில் உள் அறைகளிலும் வெளிக்கடலை நேரலையாகக் காட்டும் பெரிய திரை உண்டு. தூங்கும் நேரத்தில் அணைத்துவிடலாம்.

திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறையை, நடக்கத் தொடங்கிய பிள்ளை முதல் நாலு வயது வரை உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். வெளிச்சம் வரும், படகு பார்க்கலாம், பயம் இல்லை. உயிர்காப்புப் படகு மறைக்கும் ஜன்னல்கள் இன்னும் மலிவு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆரஞ்சுப் படகே ஒரு வேடிக்கைதான்.

பால்கனியின் உண்மையான பயன் ராத்திரியில்தான் தெரியும். பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால், விளக்கணைத்த அறைக்குள் நீங்களும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வெளியே இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம். வசதி இருந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் பாதுகாப்பில் சமரசம் கூடாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் கைப்பிடித் தடுப்பு குறைந்தது 42 அங்குலம் உயரம் இருக்க வேண்டும் என்பது 2010-இல் வந்த சட்டம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தலைக்கு மேல்தான். ஆபத்து தடுப்பில் இல்லை, பக்கத்தில் கிடக்கும் நாற்காலியில் இருக்கிறது. பிள்ளை அதன்மேல் ஏறினால் உயரக் கணக்கே மாறிவிடும். போனவுடன் நாற்காலி, மேசையை எடுத்துவிடச் சொல்லுங்கள். தூங்கிய பிறகு நீங்கள் உட்கார மட்டும் அறையிலிருந்து ஒன்றை எடுத்துப்போய், திரும்பும்போது உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூடப் பிள்ளையை அங்கே தனியாக விடாதீர்கள்.

தாத்தா பாட்டியும் வருகிறார்களா? அப்படியென்றால் நடுவில் கதவு உள்ள இரண்டு கேபின்கள்தான் சரி. ஒரு பெரிய சூட் (உட்காரும் இடத்தோடு சேர்ந்த விசாலமான அறை) விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் இரண்டு சாதாரண அறைகள் மலிவாக வரும், குளியலறையும் இரண்டு கிடைக்கும். கேட்கும்போது "பக்கத்து பக்கத்து அறை" என்று சொல்லாதீர்கள். அது வேறு, நடுக்கதவு உள்ள அறை வேறு. நீங்கள் ஒரே அறை எடுப்பதாக இருந்தால் நடுக்கதவு உள்ள அறையைத் தவிருங்கள். அந்தக் கதவு வழியாக அடுத்த அறைப் பேச்சு கேட்கும், உங்கள் பிள்ளையின் அழுகையும் அங்கே கேட்கும்.

படி 4: டெக் வரைபடத்தை மேலும் கீழும் பாருங்கள்

எனக்குத் தெரிந்தவரை, பணம் அதிகம் செலவழிக்காமல் நல்ல தூக்கத்தை வாங்கித் தருவது இந்த ஒரு வேலைதான். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு டெக்கின், அதாவது மாடியின், வரைபடமும் இருக்கும். கேபின் எண்ணின் முதல் இலக்கமோ முதல் இரண்டு இலக்கங்களோ டெக்கைக் குறிக்கும். உங்கள் அறை 8-ஆவது டெக்கில் என்றால் 7, 9 இரண்டின் வரைபடங்களையும் எடுத்து, அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

மேலே நீச்சல் குளமோ, பஃபேயோ, உடற்பயிற்சிக் கூடமோ இருந்தால் வேண்டாம். கீழே நாடக அரங்கமோ, இரவு விடுதியோ இருந்தால் பாட்டின் அதிர்வு தரை வழியாக ஏறும். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்ட இடங்களையும் கவனியுங்கள். அங்கே சமையல்கூடமோ, பணியாளர்கள் வண்டி தள்ளும் இடமோ இருக்கலாம். கப்பலின் மூக்குப் பக்கம் கீழ் டெக்குகளில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தமும், கரை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரத்தின் அதிர்வும் வரும். கப்பல் துறைமுகம் சேர்வது பெரும்பாலும் காலையில், பிள்ளைகள் அசந்து தூங்கும் நேரத்தில்.

லிஃப்ட் பக்கத்தில் இருந்தால் தள்ளுவண்டிக்கு வசதி, ஆனால் எதிரிலேயே இருந்தால் இரவு முழுக்கப் பேச்சுக் குரல். ஐந்தாறு கதவு தள்ளி இருந்தால் நல்லது.

ஆட்டம்? சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இருப்பவர் ஏறி இறங்குவார், நடுவில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. கப்பலும் அப்படித்தான். நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்ப்பக்க டெக்குகள், இங்கே ஆட்டம் குறைவு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடல் குமட்டல் அபூர்வம், இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம். சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும். அந்த மாதங்களில் போனால் நடு அறையை விட்டுக்கொடுக்காதீர்கள். மருந்து வேண்டுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "கேரண்டி" என்ற பெயரில் விலை குறைவாக ஒரு வகை இருக்கும். அதில் அறையின் வகை மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதை நிறுவனம் பிறகு முடிவு செய்யும். எங்களுக்கு நீச்சல் குளத்துக்குக் கீழே அறை வந்தது இப்படித்தான். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

படி 5: குளியலறையும் பிளக் பாயின்ட்டும்

சாதாரண அறைகளில் ஷவர் மட்டும்தான், அதுவும் ஒரு ஆள் நிற்கும் அளவு. குளியல் தொட்டி பெரும்பாலும் சூட்களில்தான். டிஸ்னியின் பல கேபின்களில் மட்டும் தொட்டியோடு, கழிவறையும் குளியலறையும் தனித்தனியாக இருக்கும். காற்றடைக்கும் குட்டித் தொட்டியும் ஒரு பிளாஸ்டிக் குவளையும் எடுத்துப்போனால் பிள்ளையைக் குளிப்பாட்டும் கவலை தீர்ந்தது. கழிவறை காற்றால் உறிஞ்சும் வகை, பெரிய சத்தம் போடும். மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள், பிள்ளை பயப்படாது.

மின்கெட்டில், குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் கப்பலில் விடமாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் பல நிறுவனங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். நல்ல ஃபிளாஸ்க் ஒன்று போதும், பஃபேயில் வெந்நீர் கிடைக்கும். குழந்தைக்கான பால்பவுடரைப் பயண நாட்களுக்கு மேல் இரண்டு நாள் கணக்கு வைத்து எடுத்துப்போங்கள். அறையிலுள்ள சின்ன ஃபிரிட்ஜ் பெரும்பாலும் லேசாகத்தான் குளிரும். மருந்து வைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 6: ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசினால் மறந்துபோகும். நான் அனுப்பும் செய்தி இது மாதிரிதான், வயதை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"சார், நாங்கள் பெரியவர்கள் இரண்டு பேர், 4 வயதுப் பெண், 10 மாதக் குழந்தை. நாலு பேருக்கான அறை வேண்டும். சோபா கட்டில் இருக்க வேண்டும், மேல்கட்டில் வேண்டாம். கப்பலின் நடுப்பகுதி. மேலேயும் கீழேயும் கேபின்கள் மட்டும் இருக்க வேண்டும். நடுக்கதவு இல்லாத அறை. தொட்டில் ஒன்று பதிவு செய்யுங்கள். கேரண்டி வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் அறை எண்ணை அனுப்புங்கள், நான் வரைபடத்தில் பார்த்துச் சொல்கிறேன்."

நாலு பேருக்குமான துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான டிப்ஸ் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையையும் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பயணக் கட்டணம் குறைந்தாலும் இவை தனியாக ஏறும்.

படி 7: கதவைத் திறந்தவுடன்

பெட்டிகள் அறைக்கு வர மாலை ஆகிவிடலாம். டயபர், பால், மாற்றுத்துணி, மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் ஒருவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முட்டிபோட்டு ஒரு சுற்று வாருங்கள். பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் மேசை முனை, தொங்கும் ஒயர், குளியலறை வாசலில் உள்ள உயரமான படி எல்லாம் கண்ணில் படும். கேபின் கதவு கனமானது, தானாக மூடிக்கொள்ளும். விரல்கள் பத்திரம்.

கப்பல் நடைபாதையில் எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி இருக்கும். பெரும்பாலும் இரும்புக் கதவு என்பதால் காந்தம் ஒட்டும். பிள்ளையே வரைந்த ஒரு படத்தைக் காந்தத்தால் ஒட்டிவிடுங்கள், டேப் வேண்டாம். மூத்தவள் இரண்டாம் பயணத்தில் ஒரு ஊதா யானை வரைந்தாள். லிஃப்டிலிருந்து இறங்கியதும் எண் எதுவும் பார்க்காமல், ஆறாவது கதவில் இருந்த யானைக்கு முன்னால் போய் நின்று எங்களுக்காகக் காத்திருப்பாள்.