ரைபிள் பேரலை வெட்டும் முன்: அமெரிக்கச் சட்டத்தில் பலர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ரைபிள் வைத்திருப்பவர்களில் சிலர், "துப்பாக்கி என்னுடையது, பேரலில் ஓர் அங்குலம் குறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்" என்று நினைக்கிறார்கள். 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, பேரல் 16 அங்குலத்துக்குக் கீழே போனாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது சாதாரண ரைபிள் இல்லை. மெஷின் கன் இருக்கும் அதே மத்தியப் பதிவேட்டில் ஏற வேண்டிய சரக்கு. ஷாட்கன்னுக்குப் பேரல் வரம்பு 18 அங்குலம். இந்த எண்களில் பெரிய தர்க்கம் எதுவும் தேடாதீர்கள். அந்த மசோதாவில் முதலில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன, ரைபிளை அறுத்துக் குட்டையாக்கி யாரும் கைத்துப்பாக்கிக்கான கட்டுப்பாட்டைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்றுதான் நீளத்துக்கு வரம்பு வைத்தார்கள். பிறகு கைத்துப்பாக்கிகளை நீக்கிவிட்டார்கள், வரம்பு மட்டும் தங்கிவிட்டது. ரைபிளுக்கும் தொடக்கத்தில் 18 அங்குலம்தான்.

அளப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெளியே தெரியும் குழாயை மட்டும் டேப் வைத்து அளந்தால் கணக்கு வராது. உள்ளே தோட்டா இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டு, போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) மூடி, பேரல் முனை வழியாக ஒரு குச்சியை போல்ட்டில் முட்டும்வரை விட்டு, முனையில் குறி வைத்து எடுத்து அளக்க வேண்டும். முனையில் மாட்டும் ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் தீப்பொறியை மறைக்கும் துண்டு) திருகிக் கழற்றக்கூடியது என்றால் அது கணக்கில் சேராது. 14.5 அங்குலப் பேரல் வாங்கி, நீளமான ஒன்றைத் திருகிவிட்டு "16 வந்துவிட்டது" என்பவர்கள் மாட்டுவது இங்கேதான். சுற்றி வெல்டிங் செய்தோ, உயர் வெப்பத்தில் வெள்ளிப் பற்று வைத்தோ, பின் அடித்து அதன் தலையை வெல்டிங்கால் மூடியோ நிரந்தரமாக்கினால்தான் ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பு) அதைப் பேரலோடு சேர்த்து அளக்கும். வெட்டிய முனையைச் சீர்செய்யும்போதும் கொஞ்சம் உலோகம் போகும், அதனால் சரியாக 16-ல் வெட்டுவது வீண் வம்பு.

சரி, சட்டப்படியே குட்டையாக்கலாமா? மாநிலம் அனுமதித்தால் ஆக்கலாம், ஆனால் ஃபார்ம் 1 என்ற ஏடிஎஃப் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் ரம்பத்தையே எடுக்க வேண்டும். "விண்ணப்பம் போட்டாயிற்று, எப்படியும் வந்துவிடும்" என்று வெட்டினால் குற்றம் அந்த நொடியிலேயே நடந்து முடிந்துவிட்டது. 10 ஆண்டு வரை சிறை. பதிவு செய்ய வேண்டும் என்று தெரியாது என்பதும் எடுபடாது. பதிவில்லாத கையெறி குண்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1971-லேயே அந்தக் கதவை மூடிவிட்டது. இப்போது புதிதாக ஒரு குழப்பம்: 1934 முதல் இருந்த 200 டாலர் வரி, குட்டை ரைபிளுக்கு 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். அதைக் கேட்டுவிட்டு "சட்டமே போய்விட்டது" என்று சொல்லித் திரிகிறார்கள். வரிதான் போனது, விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல், துப்பாக்கியில் செய்தவர் பெயரும் ஊரும் பொறிப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அப்புறம், ஸ்டாக்கை (தோளில் வைத்துப் பிடிக்கும் பின்பகுதி) கழற்றிவிட்டால் பிஸ்டல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை. ரைபிளாகப் பிறந்ததைக் குட்டைப் பேரலோடு பிஸ்டலாக்கினால், அது "ரைபிளிலிருந்து செய்த ஆயுதம்" என்று அதே சட்டத்துக்குள் வந்து விழும். பிஸ்டலாகப் பிறந்தது மட்டும் ரைபிளாகி மறுபடி பிஸ்டலாகலாம், அதிலும் வரிசை முக்கியம்: போகும்போது முதலில் நீளப் பேரல், பிறகு ஸ்டாக், திரும்பும்போது முதலில் ஸ்டாக்கைக் கழற்ற வேண்டும். பாகங்களைத் தனித்தனியாக வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை என்பதும் அரை உண்மைதான். 1992-ல் தாம்சன் சென்டர் என்ற துப்பாக்கி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததற்குக் காரணம், பிஸ்டலையும் அதை ரைபிளாக்கும் பாகங்களையும் சேர்த்து அது விற்ற தொகுப்பிலிருந்து சட்டப்படியான பிஸ்டலும் செய்யலாம், ரைபிளும் செய்யலாம் என்பது. உங்களிடம் இருக்கும் குட்டைப் பேரலைக் குட்டை ரைபிள் தவிர வேறு எதிலும் மாட்ட முடியாது என்றால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

மத்தியச் சட்டத்தைப் படித்துவிட்டு மாநிலச் சட்டத்தை மறப்பவர்களும் உண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் சாதாரண ஆள் குட்டை ரைபிள் வைத்திருக்கவே முடியாது, மாநிலத்தில் தடை என்றால் ஏடிஎஃப்பும் விண்ணப்பத்தை நிராகரிக்கும். பதிவு செய்த குட்டை ரைபிளைக் காரில் போட்டுக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போவதற்கும் ஏடிஎஃப்பின் முன் அனுமதி வேண்டும், வார இறுதிப் பயணமாக இருந்தாலும்.