சிறுத்தைப் பல்லிக் குஞ்சுக்கு மொத்த விலையும் சில்லறை விலையும் வைக்கும் முறை

அமெரிக்காவில் வீட்டின் ஓர் அறையில் நாலைந்து லெப்பர்டு கெக்கோக்களை, அதாவது சிறுத்தைப் பல்லிகளை, வளர்த்துக் குஞ்சு விற்பவர்களில் பலர் விலையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். இணையத்தில் மற்றவர்கள் கேட்கும் சில்லறை விலையைப் பார்த்து, அதில் பாதியைக் கடைக்காரருக்கான மொத்த விலை என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அடக்க விலையைக் கண்டு, அதிலிருந்து மொத்த விலையைக் கட்டி, அதற்கு மேல் சில்லறை விலையை எழுப்புவதே சரியான வரிசை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு பெண்ணும் ஓர் ஆணும் இருக்கின்றன. பெண் பல்லி ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டையாக, பருவம் முழுவதும் விட்டுவிட்டு இடும். மொத்தம் 40 முட்டைகளில் 32 குஞ்சுகள் விற்கும் வயதை எட்டுவதாகக் கொள்வோம். பெரிய பல்லிகளுக்கான புழு, சுவர்க்கோழித் தீனி ஆண்டுக்கு 480 டாலர். மின்சாரம், கால்சியம் பொடி, மருத்துவச் செலவு, அடைகாப்புப் பெட்டியின் தேய்மானம் ஆகியவை 320 டாலர். இந்த 800 டாலரை 40-ஆல் வகுப்பது பலர் செய்யும் பிழை. கெட்டுப்போன முட்டையின் செலவையும் பிழைத்த குஞ்சுதான் சுமக்க வேண்டும் என்பதால், 32-ஆல் வகுத்து ஒன்றுக்கு 25 டாலர் என்று கொள்ள வேண்டும். குஞ்சு தின்னும் இரண்டு மாதத் தீனி 6 டாலரையும் சேர்த்தால் அடக்கம் 31 டாலர்.

இதில் உங்கள் கூலி இல்லை. வாரத்துக்கு நான்கு மணி நேரம், மணிக்கு 15 டாலர் என்று போட்டால் ஆண்டுக்கு 3,120 டாலர். அதாவது குஞ்சுக்கு 97 டாலர் 50 சென்ட். சாதாரண நிறக் குஞ்சுக்கு எந்தக் கடைக்காரரும் அந்தப் பணத்தைத் தரமாட்டார், ஏனெனில் தாம் வாங்கிய விலைக்கு இருமடங்காவது வைத்து விற்றால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். ஆகவே மொத்த விற்பனை தீனிச் செலவை மீட்டு இடத்தைக் காலிசெய்யும் வழி என்றும், கூலி கிடைப்பது சில்லறையில்தான் என்றும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். மொத்த விலை எக்காரணம் கொண்டும் அந்த 31 டாலருக்குக் கீழே இறங்கக் கூடாது.

மொத்த விற்பனையால் உண்மையில் மிச்சமாவது நாள்தான். பொரிக்கும்போது மூன்று கிராம் அளவில் இருக்கும் குஞ்சு, விற்காமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் தீனியையும் ஒரு பெட்டியையும் பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பதால் அவற்றைத் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். இந்தப் பல்லி ஆணா பெண்ணா என்பது முட்டையின் வெப்பத்தால் அமைகிறது: 26, 27 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண், 32 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண். இனப்பெருக்கம் செய்பவர்கள் பெண்ணையே அதிகம் தேடுவதால், அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தை வைக்கும்போதே விலையின் ஒரு பகுதியையும் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

கடைக்காரரிடம் பேசும்போது, குறைந்தது பத்துக் குஞ்சு, கையில் கொடுக்கும்போதே பணம் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிடுங்கள். பொறுக்கி எடுத்தால் ஒரு விலை, நான் எடுத்துத் தரும் கலவைக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பிரித்து வைப்பது மிக முக்கியம். அனுபவமுள்ளவர் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, விரல் நுனியில் பழைய தோல் ஒட்டியிருக்கிறதா, வால் தடித்திருக்கிறதா என்று பார்த்து நல்லதையெல்லாம் ஒதுக்கிவிடுவார். மிஞ்சும் ஒல்லிக்குச்சிகளுக்கு நீங்கள் மாதக்கணக்கில் தீனி போட நேரும். பெரும்பாலான மாநிலங்களில் மறுவிற்பனைச் சான்றிதழ் தரும் கடைக்கு விற்பனை வரி போட வேண்டியதில்லை, ஆனால் சில்லறையில் வரியை நீங்களே வசூலித்துக் கட்ட வேண்டும்.

சில்லறை விலை என்பது கடைக்காரர் செய்யும் வேலைகளை நீங்களே செய்வதற்கான கூலி. கண்காட்சி மேசை வாடகை, பெட்ரோல், விளம்பரக் கட்டணம், ஒரே ஆள் நள்ளிரவில் கேட்கும் பதினைந்து கேள்விகள், உயிரோடு வந்து சேரும் என்ற உத்தரவாதத்தில் அவ்வப்போது திருப்பித் தரும் பணம் எல்லாம் அதற்குள் வர வேண்டும். ஓரிரவில் சேரும் கூரியர் கட்டணத்தை மட்டும் வாங்குபவரிடம் தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் மலிவான குஞ்சின் லாபம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

அபூர்வ நிறங்களுக்கு இந்த அடக்கக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே சந்தை கேட்பதே விலை. ஆனால் அந்த விலை நிற்காது. லெமன் ஃப்ராஸ்ட் என்ற மஞ்சள் நிற வகையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர்கள், அதே மரபணுவோடு தோல் கட்டியும் சேர்ந்து வருவது தெரிந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ஒரு கண்காட்சியில் ஞாயிறு மாலை கடைசி ஒரு மணி நேரத்தில், மிஞ்சிய ஆறு குஞ்சுகளை ஒன்று 40 டாலருக்குத் தள்ளிவிட்டேன். முந்தைய வாரம் அதே பருவத்துக் குஞ்சுகளை என்னிடம் 35 டாலருக்கு வாங்கி, கடையில் 80 டாலருக்கு வைத்திருந்தவர் அந்த வழியாக வந்தார். விலைச் சீட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, அதன்பின் அவர் கடையிலிருந்து அழைப்பே வரவில்லை. இப்போதெல்லாம் என் மேசை விலை கடை விலையைவிடக் குறைவதில்லை; மிஞ்சியதை மூடிபோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமை வேறொரு கடைக்கு மொத்த விலைக்கே கொடுக்கிறேன்.